நித்திரை ஆமையோடு கொலோனுக்கு

1987 தை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை 8.25. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் ரயில் நிலையத்தில், பூச்சியத்துக்குக் கீழே பதினாறு பாகைக் குளிரில், ஒரு அப்பிள் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். பெட்டிக்குள் ஓர் ஆமை. பெயர் ஹெர்மான். வயது முப்பத்துமூன்று, என்னிலும் நான்கு வயது இளையவர். அவரை உயிரோடும் நித்திரையோடும் கொலோன் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சூடு ஏறினால் விழித்துச் சாவார். குளிர் கூடினால் உறைந்து சாவார். எனக்குக் கிடைத்த இடைவெளி இரண்டு பாகையிலிருந்து ஏழு பாகை வரை. அவ்வளவுதான்!

உமக்கு ஏன் காணும் இந்த வேலை என்று கேட்பீர்கள். பிழை என்னுடையது. அதை முதலில் ஒப்புக்கொண்டு விட்டுப் பயணத்துக்கு வருகிறேன்.

நானும் ராசனும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள். ஃபிராவ் லின்டமான் என்ற எழுபது வயது அம்மாவின் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கிறோம். முந்திய வியாழக்கிழமை அந்த அம்மா வாசற்படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்சில் ஏற்றும்போது "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எங்களிடம் சொன்னார். அதற்குமேல் கதைக்க வலி விடவில்லை.

ஞாயிறு காலை நிலக்கரி எடுக்க நிலவறைக்கு இறங்கினேன். அங்கே வாளித் தண்ணீர் அடிவரை கல்லாகிக் கிடந்தது. மூலையில் ஒரு மரப்பெட்டி, மேலே 'ஹெர்மான்' என்று எழுதியிருந்தது. திறந்தால் காய்ந்த சருகு, சருகுக்குள் ஆமை. தொட்டுப் பார்த்தேன், வாளியைத் தொட்டது போலவே இருந்தது. கண் மூடியிருந்தது. காலை இழுத்தேன், அசைவில்லை. நான் யாழ்ப்பாணத்தில், குருநகர் ஐஸ் பக்டரியில் பதினொரு வருடம் வேலை செய்தவன். ஐஸுக்குள் போன ஒன்று திரும்பி எழும்பியதை ஒரு நாளும் கண்டதில்லை.

"செத்துப்போச்சண்ணை," என்றான் ராசன்.

"விசர்க்கதை கதையாதை. மற்றப் பக்கம் பிடி, மேலை கொண்டுபோவம்."

எங்கள் அறையின் சூட்டுக்குழாய்க்குப் பக்கத்தில், என் கம்பளிப் போர்வையில் சுற்றி வைத்தோம். இரண்டு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பின்னங்கால் மெல்ல நீண்டது. "அண்ணை, உயிர் வந்திட்டுது! உயிர் வந்திட்டுது!" என்று ராசன் கத்த, இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். சலாது வைத்தோம், வாழைப்பழம் வைத்தோம், பிட்டுக்கூட வைத்துப் பார்த்தோம். ஹெர்மான் எதையும் தொடவில்லை. சுவரோரமாக நடந்து, முட்டி, திரும்பி, மறுபடி முட்டினார். நாங்கள் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெருமை அடிக்கத்தான் நான் ரெலிபோன் கூண்டுக்கே போனேன். கொலோனில் ஒரு தமிழ்க் கொண்டாட்டத்தில் ராசன் சந்தித்த பெண் ஒருவர், பெயர் கோமதி, தமிழ்நாட்டுக்காரர். அங்கே பல்கலைக்கழகத்தில் தவளைக்கும் குளிருக்கும் உள்ள தொடர்பை ஆராய்பவர். குளிரில் செத்த ஆமையை நாங்கள் எழுப்பிய கதையை அவருக்குச் சொன்னால் மெச்சுவார் என்று நினைத்தேன்.

"ஐயோ அண்ணா, என்ன பண்ணிட்டீங்க!" என்றார் கோமதி. "அது சாகவே இல்ல. ஹைபர்னேஷன்ல இருந்தது. வின்டர் முழுக்க சாப்பாடு தண்ணி இல்லாம தூங்கும்."

"இப்ப நல்ல சுகமா ஓடித் திரியுதே, தங்கச்சி."

"அதுதான் பிராப்ளமே! ஸ்பிரிங் வரைக்கும் சேர்த்து வச்ச எனர்ஜிய இப்பவே எரிச்சிட்டிருக்கு. சாப்பிட ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"குடுத்தனாங்கள். அவர் தொடேல்லை."

"தேங்க் காட். வயித்துல சாப்பாட்டோட திரும்பத் தூங்கினா உள்ளயே அழுகிடும். உடனே சூட்டுல இருந்து எடுங்க. மெதுவா குளிர வைக்கணும். அப்புறம் ஃபைவ் டிகிரி. ஃபிரிட்ஜ் இருக்கா?"

இருந்தது. ஆனால் எங்கள் குளிர்சாதனப் பெட்டி பாலையே கட்டையாக்கும் பேர்வழி. நிலவறையோ அதைவிட மோசம். கோமதி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க லேப்ல கோல்டு ரூம் இருக்கு. கொண்டுவந்துடுங்க. நானே பாத்துக்கறேன்," என்றார்.

கூண்டை விட்டு வெளியே வரும்போதுதான் ஃபிராவ் லின்டமானை நினைத்தேன். அந்த அம்மாவுக்கு வேறு ஆள் இல்லை. புருஷன் இறந்து ஆறு வருடம். பிள்ளையில்லை. மாலையில் அவர் முற்றத்தில் யாரோடோ கதைத்துச் சிரிப்பது கோடையில் எங்களுக்குக் கேட்கும். அது யாரென்று அப்போதுதான் விளங்கியது. அந்த ஒரேயொரு துணையை நான் போர்வையில் சுற்றிக் கொல்லப் பார்த்திருக்கிறேன்!

அன்றிரவும் மறுநாளும் ஹெர்மான் குளிர்ந்த மாடிப்படியில் இருந்தார். அவர் நடை குறைந்தது. திங்கள் காலை நான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினேன். எங்களுக்கு மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் அனுமதி வேண்டும். ஆன்ட்ராக் என்ற அந்த விண்ணப்பப் படிவத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில், ஆமையை நித்திரையாக்க என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எழுதினேன். அதிகாரி இரண்டு தரம் வாசித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு இருவரும் எழும்பிப்போய் மூன்றாவது ஆளுக்கும் காட்டினார்கள். சிரித்து முடித்துவிட்டு முத்திரை குத்தினார்கள். செவ்வாய் ஒரு நாள் மட்டும், இரவு பன்னிரண்டு மணி வரை.

காலை 8.50. ரயில் வந்தது. ரிக்கற் போகவர எழுபத்தாறு மார்க். ஆமைக்குக் காசில்லை. கொலோன் இருநூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

பெட்டி கட்டுவதில் மட்டும் எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. குருநகரில் கொழும்பு லொறிக்கு மீன் அடுக்கும்போது உமியும் ஐஸுமாக மாறி மாறிப் போடுவோம். இங்கே உமிக்குப் பதில் பழைய பத்திரிகை, ஐஸுக்குப் பதில் பிளாஸ்டிக் பையில் முற்றத்துப் பனி. மீனென்றால் ஐஸ் உடம்பில் படவேண்டும், இவரிலோ படவே கூடாது. ஆகவே நடுவில் சருகு, அதைச் சுற்றி எட்டு மடிப்புப் பத்திரிகை, அதற்கு வெளியே பனி. யன்னலில் தொங்கிய வெப்பமானியைக் கழற்றி உள்ளே செருகியிருந்தேன். ஏறும்போது ஐந்து பாகை காட்டியது.

ரயில் பெட்டிக்குள் கால் வைத்ததும் முகத்தில் அடித்தது சூடு. ஊரில் சித்திரை வெயில்கூட இப்படி அடிக்காது. ஐந்து நிமிடத்தில் ஏழு பாகை! பாய்ந்து வெளியே வந்து, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள கதவடியில் நின்றேன். அங்கே கதவிடுக்கால் பனித்தூள் உள்ளே பறந்தது. கூட்டர்ஸ்லோ வருவதற்குள் வெப்பமானி மூன்றுக்கு இறங்கியது. ஐயோ என்று பெட்டியை என் மேலங்கிக்குள் இழுத்து மூடினேன். ஏழு, உடனே வெளியே. மூன்று, உடனே உள்ளே. என் கால்விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போய்க் கனநேரம் ஆகியிருந்தது.

9.20. ரிக்கற் பரிசோதகர் வந்தார். பெரிய மீசை, பெரிய வயிறு.

"உள்ளே இடமிருக்கிறதே, ஏன் இங்கே நின்று விறைக்கிறீர்கள்?"

"உள்ளே சூடு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜனவரி மாதத்தில், யாழ்ப்பாணத்து முகத்தோடு, பல் கிடுகிடுக்க ஒருவன் உள்ளே சூடு என்று சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? பெட்டியில் என்ன என்று கேட்டார். மூடியைத் திறந்து காட்டி, என் உடைந்த ஜெர்மனில் முழுக்கதையும் சொன்னேன். போர்வைக் கட்டம் வந்தபோது தலையில் கை வைத்தார். "வாருங்கள்," என்றார்.

ஆளில்லாத ஒரு சிறு அறைக்குக் கூட்டிப்போனார். அதன் சூட்டுத் திருகைப் பூச்சியத்துக்குத் திருப்பினார். யன்னலை ஒரு சாண் இறக்கினார். வெப்பமானியைத் தானே பார்த்து யன்னலை இரண்டு விரல் உயர்த்தினார். "ஐந்து!" என்று வெற்றியோடு சொல்லிவிட்டுப் போனார். ஹாம் நிலையத்தில் ஒரு கணவன் மனைவி கதவைத் திறந்தார்கள். குளிரைக் கண்டு "யேசுவே" என்று ஓடினார்கள். டோர்ட்முண்டில் ஒரு முழுப் பாடசாலைக் கூட்டம் ஓடியது. ரயில் நிரம்பி வழிய, ஹெர்மானும் நானும் ஆறு பேர் இருக்கும் அறையில் ராசா மாதிரி இருந்து போனோம். பரிசோதகர் ஒவ்வொரு நிலையத்துக்குப் பிறகும் வந்து எட்டிப் பார்த்து, "எவ்வளவு?" என்று கேட்டார். வூப்பர்டாலில் தன் குடுவையிலிருந்து எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அந்தக் கோப்பியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

11.20. கொலோன். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அந்தப் பிரசித்தி பெற்ற தேவாலயம் தலைக்கு மேலேயே நிற்கிறது என்பார்கள். நின்றிருக்கும். நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு போனேன்.

கோமதி பல்கலைக்கழக வாசலிலேயே நின்றார். சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி, வெள்ளை மேலங்கிக்குக் கீழே கம்பளிக் காலுறை. "குடுங்கண்ணா, குடுங்க," என்று பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடினார். தராசில் வைத்து நிறுத்தார், வாயைத் திறந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார். ஹெர்மான் இப்போது துளியும் அசையவில்லை. நித்திரையா, வேறா?

"தங்கச்சி, ஆள் இருக்கிறாரோ?"

அவர் இரண்டு மெல்லிய கம்பிகளை ஓட்டோரத்தில் ஒட்டி, ஒரு கருவியை முடுக்கினார். திரையில் ஒரு பச்சைக் கோடு நேராக ஓடியது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நான் நல்லூர்க் கந்தனிலிருந்து தொடங்கித் தெரிந்த கடவுள் எல்லோரையும் கூப்பிட்டு முடித்த நேரத்தில் 'டுக்' என்று ஒரு சத்தம், கோடு ஒருமுறை துள்ளியது. பிறகு மறுபடி ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொரு 'டுக்'.

"நிமிஷத்துக்கு ஏழு," என்றார் கோமதி. "பியூட்டிஃபுல்! தூங்கறாருண்ணா!"

நான் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டேன்.

பிறகுதான் நிலவறை எப்படி இருந்தது என்று கேட்டார். வாளித் தண்ணீர் கல்லான கதையைச் சொன்னேன். கோமதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அங்கயே விட்டிருந்தா செத்தே போயிருக்கும். இந்த ஆமைக்குக் குளிர்ந்து தூங்கத்தான் தெரியும், உறைஞ்சு பிழைக்கத் தெரியாது. வெளியில இருந்தா மண்ணைத் தோண்டி ஆழமா போயிடும். பெட்டிக்குள்ள எங்க போகும்? நீங்க எடுத்தது ரைட்டு. ஹீட்டர் பக்கத்துல வச்சதுதான் தப்பு."

பாதிப் பிழைதான்! எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அவர் சொன்ன ஒரு சொல் காதில் தங்கிவிட்டது. "உறைஞ்சு பிழைக்கிறது எண்டும் ஒண்டு இருக்கோ, தங்கச்சி?"

அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண் மின்னியது. "வாங்க, காட்டறேன்."

11.50. பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகையில் வைத்த ஒரு பெட்டியிலிருந்து கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்தார். அதற்குள் கபில நிறத்தில் ஒரு தவளை; கனடாக் காட்டுத் தவளையாம். தட்டிப் பாருங்கள் என்றார். நகத்தால் தட்டினேன். டக், டக். கல்! உடம்புத் தண்ணீரில் பாதிக்கு மேல் ஐஸாம். மூச்சில்லை, இதயத்துடிப்பும் இல்லை.

"இது செத்தது, தங்கச்சி. நான் ஐஸ்காரன், எனக்குத் தெரியும்."

"பெட் வைக்கறீங்களா?" என்று சிரித்துக்கொண்டு, கிண்ணத்தை ஐந்து பாகை அறையில் வைத்து நேரம் குறித்தார். "மத்தியானம் பாக்கலாம்."

அந்த இடைவெளியில் அவர் காட்டியதெல்லாம் எழுதினால் நம்பமாட்டீர்கள். தோட்டத்தில் பனி மூடிய கொடியில் ஓர் இலையை மெல்லத் திருப்பினார்; அடியில் எலுமிச்சை நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி, மேலெல்லாம் பனித்துகளோடு தொங்கியது. அதன் உடம்பில் கிளிசரின் இருக்கிறதாம், குளிருக்கு வெடித்த உதட்டுக்கு நாங்கள் பூசும் அதே சாமான். அதனால் இரத்தம் உறையாதாம். வேலியடியில் ஒரு நத்தை, தன் ஓட்டு வாசலுக்குச் சுண்ணாம்பால் கதவு செய்து பூட்டிவிட்டு உள்ளே படுத்திருந்தது. குளத்தில் ஐஸ் இரும்புத்தகடு போல் கிடந்தது. அதற்குக் கீழே, அடித்தண்ணீர் நாலு பாகையில் உறையாமல் இருக்க, இந்த ஊர்த் தவளைகள் தோலால் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கின்றனவாம். நான் இரண்டு மாரி இந்த நாட்டில் இருந்துவிட்டேன். மாரியில் இங்கே ஒரு பூச்சி புழுவும் இல்லை என்று வீட்டுக்குக் கடிதம் வேறு எழுதியிருந்தேன். எல்லாம் என் காலடியில்தான் இருந்திருக்கிறது! குளிர் மறந்து, பசி மறந்து, "வேறை என்ன, வேறை என்ன?" என்று கேட்டபடி கோமதிக்குப் பின்னால் திரிந்தேன்.

பிற்பகல் 2.00. தவளை ஈரமாகி, மிருதுவாகி, சந்தையில் விலைப்படாத மீன் மாதிரிக் கிடந்தது. "நான் சொன்னனான் எல்லோ?" என்றேன். கோமதி கையைக் காட்டி அமர்த்தினார். ஐஸ் பிடிக்கத் தொடங்கியதும் ஈரல் சர்க்கரையை அள்ளி இரத்தத்தில் விடுமாம். உள்ளுறுப்பெல்லாம் சீனிப்பாகில் ஊறினதுபோல் ஆகிவிடுமாம். ஐஸ் வெளியே கட்டும், உயிரணுவின் உள்ளே வராதாம்.

3.35. நான் முகத்தைக் கிண்ணத்தோடு வைத்துக்கொண்டிருந்தேன். தவளையின் நெஞ்சுத் தோலுக்கடியில் ஏதோ ஒன்று மிகச் சின்னதாகத் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

"தங்கச்சீ!"

அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து அறை ஜெர்மன்காரர் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். நான் அழுதேன், சிரித்தேன், கோமதியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பதினொரு வருடம் ஐஸோடு சீவித்த எனக்கு ஐஸைப் பற்றி ஒரு இழவும் தெரியாது என்பதை அறிவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்குமென்று யார் நினைத்தது!

4.30. புறப்படுமுன் கோமதி ஹெர்மானுக்கு ஓர் அட்டை எழுதினார். பெயர், வந்த ஊர், வந்த காரணம், தங்கும் காலம். கடைசி இடத்தில் 'ஏப்ரல் நடுப்பகுதி வரை' என்று எழுதி முத்திரை குத்தினார். நான் என் சட்டைப்பையிலிருந்த அனுமதிக் கடுதாசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரவு பன்னிரண்டு மணி வரை.

"எந்தக் கேள்வியும் இல்லாமல் அவருக்கு மூண்டு மாதம் குடுத்திட்டீங்கள்," என்றேன்.

கோமதி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சாரிண்ணா," என்றார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

7.25. பீலெஃபெல்ட். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன், எட்டு மணி வரை பார்க்க விடுவார்கள். ஃபிராவ் லின்டமான் தலையணையில் சாய்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். போர்வைக்கு வந்தபோது "முட்டாள்! முட்டாள்!" என்று கட்டிலில் அடித்தார். பக்கத்துக் கட்டில் பெண் திடுக்கிட்டு எழும்பினார். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, அடித்த அதே கையால் கட்டிலருகில் இருந்த கதிரையைக் காட்டினார்.

"நிலவறையை நினைத்துத்தான் ஐந்து இரவு தூங்கவில்லை," என்றார். "யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஏப்ரலில் நீங்கள்தான் என்னோடு வந்து அவனைக் கூட்டிவர வேண்டும்."

"இங்கே தங்க எனக்குத் தந்த பத்திரம் மார்ச் முடியும் வரைதான். அதுக்குப் பிறகு இங்கே இருப்பேனோ தெரியாது," என்றேன்.

அவர் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார். "பேனா இருக்கிறதா?" என்று கேட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கென்று அன்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம், என் விண்ணப்பக் கோப்பில் இன்றும் இருக்கவேண்டும். அந்தக் கடிதத்தால்தானோ, வேறெதனாலோ, மார்ச் கடைசியில் எனக்கு இன்னும் மூன்று மாதம் நீட்டித் தந்தார்கள்.

ஏப்ரல், பிற்பகல் 2.10. கொலோனிலிருந்து திரும்பும் ரயில். முந்தின முறை மாதிரி இல்லை. வெயில் அடித்தது, நல்ல சூடான இருக்கையில் இருந்தோம். எதிரே ஃபிராவ் லின்டமான், பக்கத்தில் ஊன்றுகோல், மடியில் ஹெர்மான். அவர் விழித்து ஆறு நாள். குளிக்க வைத்தார்களாம், தண்ணீர் குடித்தாராம், ஆனால் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கோமதி கவலைப்பட்டு அனுப்பியிருந்தார். சாப்பிடாவிட்டால் பிழைக்கமாட்டார். தை மாதத்தில் நான் எரித்துவிட்ட பலத்துக்குக் கணக்குத் தீரும் நேரம் இதுதான் என்று எனக்குத் தெரியும். வூப்பர்டால் தாண்டியது.

அந்த அம்மா தன் சான்ட்விச் பாணுக்குள்ளிருந்த சலாது இலையை உருவி, ஹெர்மானின் வாயடியில் பிடித்தார். ஹெர்மான் முகத்தைத் திருப்பினார். மறுபக்கம் பிடித்தார். மறுபடி திருப்பினார். "நீங்கள் பிடியுங்கள், எனக்கு முடியவில்லை," என்று அம்மா இலையை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பிடித்தேன். ஹெர்மான் என்னை உற்றுப் பார்த்தார். கழுத்து நீண்டது. வாய் திறந்தது. மெதுவாக, மிக மெதுவாக, இலையின் ஓரத்தில் ஒரு கடி விழுந்தது. அந்த இழுப்பு என் விரலில் தெரிந்தது. ஜெர்மன் சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

"சாப்பிடுறார், அம்மா! சாப்பிடுறார்!" என்று தமிழில் கத்தினேன். ஃபிராவ் லின்டமான் கண்ணைத் திறக்குமுன்னமே அழத் தொடங்கிவிட்டார்.